செம்பில்லாத வெண்கலம்

"படிம்மா. கூட்டியும் சொல்லாதே, குறைச்சும் சொல்லாதே. அதுல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லு."

மாமனார் அந்தப் பழுப்பு உறையை மேசைமேல் வைத்து அவள் பக்கமாக நகர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. அத்தை துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் உறையை வெளியே எடுத்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

இரண்டு பக்கம். அவள் முதலில் வாயசையாமல் படித்து முடித்தாள். பள்ளியில் பாதிப் பாடம் ஆங்கிலத்தில், பாதி தமிழில் படித்தவள்; ஒன்றில் இருப்பதை மற்றதில் சொல்வது அவளுக்குப் பெரிய வேலையே இல்லை. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் கனத்தது.

"ரத்தம் எலும்புக்குள்ளதான் மாமா ஊறுது. அங்க ஊறுற அணுக்கள் சரியா முதிரலையாம்."

"பழுக்கிறதுக்கு முன்னாடியே உதிர்ந்திடுதா?"

"ஆமா."

"ஏனாம்?"

"மஜ்ஜையே கெட்டிருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க."

"சந்தேகமா, முடிவா?"

"இருக்கக்கூடும்னுதான் எழுதியிருக்கு."

"நல்லா இருக்கு போ! 'இந்த பீரோ உறுதியா இருக்கக்கூடும்'னு நான் ஏலம் போட்டா எவனாவது கையைத் தூக்குவானா?" என்று சிரித்தார். வழக்கம்போல உதடு பிரியாத சிரிப்பு. "சரி, கெட்டிருந்தா என்ன செய்வாங்க?"

அவள் தாளையே பார்த்தாள்.

"பேசாமடந்தையே, உன்னைத்தான் கேட்கிறேன்."

"பதினெட்டாம் தேதியிலேருந்து ஊசி மருந்து. நடுநடுவுல ரத்தம் ஏத்தணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு போடலை மாமா."

"போட மாட்டாங்க." மேசையின் விளிம்பை விரலால் இரண்டு முறை தட்டினார். "அந்த மருந்துல குரல் போயிடுமா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "குரலுக்கு ஒண்ணும் ஆகாது. வாய் புண்ணாகலாம். அதனால அப்பப்ப வாயைத் திறந்து பார்ப்பாங்க."

"வாயையா?"

அவர் முகம் அப்போதுதான் மாறியது. எலும்பு கெட்டிருக்கலாம் என்றபோது அசையாத முகம், வாயைப் பார்ப்பார்கள் என்றதும் வெளுத்துப்போனது. நோயின் பயம் தாமதமாக வந்து ஏறுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது தப்புக் கணக்கு என்று தெரிய எட்டு நாளானது.

எழுந்து நடந்தவர் இரண்டாவது அடியில் தடுமாறி நாற்காலியைப் பிடித்தார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளா இப்படித்தான். கீழ பார்த்தாத்தான் தரை இருக்கிறதே தெரியுது. பஞ்சு மூட்டை மேல நடக்கிற மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"ரத்தம் பார்க்கிறவங்ககிட்ட போய்க் காலைக் காட்டச் சொல்றியா? அறுபத்துநாலு வயசு. கால் கொஞ்சம் அடம் பிடிக்காதா?" மாடிப்படியில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட எலும்பு கிலும்புன்னு வாயைத் திறந்திடாதே. சத்துக் குறைவுன்னு சொல்லி வை."

உறை செய்தித்தாளுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அவருக்குப் பெயர் உண்டு என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. ஏலக் கொட்டகையில் அவர் 'வெண்கலம்'. அந்தக் கணீர்க் குரலுக்காக முப்பத்தைந்து வருடமாக அந்தப் பட்டம். மூடப்பட்ட அலுவலகங்களின் சுழல்நாற்காலிகள், வீடு மாற்றிப் போகிறவர்கள் விட்டுப்போன கட்டில்கள், தையல் இயந்திரங்கள், ரசம் போன கண்ணாடிகள் என்று ஊரில் யாருக்கும் வேண்டாத பொருள் எல்லாம் அந்தத் தகரக் கூரையின் கீழ் வந்து சேரும். வாரத்தில் மூன்று நாள் அவர் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று, வேண்டாததை வேண்டும் என்று நினைக்க வைத்து விற்பார். ஒலிபெருக்கி கிடையாது. வாங்கித் தருகிறோம் என்று உரிமையாளர் சொன்னபோது, "அது தொண்டை இல்லாதவனுக்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் குரலைவிடப் பேர்போனது அவருடைய மௌனம். கொட்டகையில் அதற்கு 'வெண்கலத்தின் மூச்சு' என்று பெயர். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்துவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைப்பார். பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியில் கூட்டத்துக்குள் ஒரு தவிப்பு பரவும். வேண்டாம் என்று இருந்தவனுக்கும் கை அரிக்கும். நிச்சயமாக ஒரு கை மேலே போகும். இல்லையென்றால் சட்டென்று திரும்பி "மூணு தரம்!" என்று சுத்தியலை அடிப்பார். பக்கத்து ஊர் ஏலக்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி செய்து பார்த்தார்கள். எடுபடவில்லை.

வீட்டிலும் வாய் ஓயாத மனிதர்தான். சாப்பிடும்போது மட்டும் தனி. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஆப்பிளைக்கூடத் தாள் தடிமனுக்குச் சீவித்தான் தின்பார். பழைய காலத்து மனிதர், அவருக்கு இப்படி ஒரு பழக்கம் என்று ஒன்றரை வருடத்துக்கு முன் மருமகளாக வந்தவளும் எடுத்துக்கொண்டாள். கணவனுக்கு வெளியூரில் வேலை, வார இறுதியில்தான் வருவான். மற்ற நாட்களில் வீட்டில் மூன்று பேர். மாமனார் பேசுவார், அத்தை பதில் கொடுப்பார், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த ஏற்பாடு மூவருக்கும் பிடித்திருந்தது.

அவளுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் உலோகம் பார்க்கும் இயந்திரத்துக்கு அவள்தான் பொறுப்பு. பழைய மின்கலங்களை உடைக்கும் பட்டறைகளிலிருந்து வருகிறவர்களின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அங்கே பெரும்பாலான வேலை.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி நினைத்துப் பார்த்தாள். மஜ்ஜையின் அணுக்களைச் சுற்றி இரும்பு வளையம் வளையமாகப் படிந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் இரும்புக்குக் குறைவில்லை. கிடங்கு நிறையச் சரக்கு. கடைக்கு மட்டும் வந்து சேரவில்லை. கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு குறிப்பு: இளம் அணுக்களுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள்.

இரும்பைக் கிடங்கிலிருந்து வெளியே அனுப்பும் காவல்காரன் யார்? செம்பு. ஒரு மனித உடம்பில் இருக்கிற செம்பு மொத்தத்தையும் திரட்டினால் ஒரு சிட்டிகை உப்பின் கனம்கூடத் தேறாது. ஆனால் இரும்பை ரத்தத்தில் ஏற்றிவிடும் புரதத்துக்கு அது இல்லாமல் கை ஓடாது. முதுகுத்தண்டின் நரம்புகளுக்கும் அது வேண்டும். அது வற்றிப்போனால் ரத்தசோகை வரும், அணுக்களில் குமிழி விழும், பாதம் மரத்து, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கும். ரத்தத்தைப் பார்த்தவர்களுக்குக் காலைப் பற்றித் தெரியாது. காலைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது உறைத்தபோது அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தாள்.

டாக்டரிடம் பேச வேண்டும். தொலைபேசியில் பேசுவதே அவளுக்குக் கண்டம். ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் படித்தாள்.

"செம்பு பார்க்கச் சொன்னது எந்த டாக்டர்?" என்றார் ரத்தநோய் மருத்துவர்.

"யாரும் சொல்லலை மேடம். நான் அவரோட மருமகள். ஆய்வகத்துல வேலை பார்க்கிறேன். கால் மரத்துப்போகுதுன்னு அவர் உங்ககிட்ட சொல்லலை."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அந்தக் குமிழி எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. பாருங்க. துத்தநாகமும் சேர்த்துப் பாருங்க."

பார்த்தாள். செம்பு, இயந்திரம் எண் சொல்லக்கூடிய அளவுக்குக்கூட இல்லை. துத்தநாகம் இருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு. அவள் அதை நம்பவில்லை. ரத்தம் எடுக்கும் சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசிந்து ஆளை ஏமாற்றும்; புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது ஏமாந்திருப்பார்கள். மறுநாள் உலோகம் கலக்காத குழாயில் தானே அவருக்கு ஊசி போட்டு எடுத்தாள்.

"நேத்துதானே எடுத்தே? நீயும் ஏலம் ஆரம்பிச்சிட்டியா, ஒரு தரம் ரெண்டு தரம்னு?"

"மூணாவது தரம் வராது மாமா."

எண் மாறவில்லை.

"அப்ப மஜ்ஜை தப்பிச்சிருக்கலாம்," என்றார் மருத்துவர். "துத்தநாகம் அளவுக்கு மீறிப் போனா குடல்ல ஒரு புரதம் நிறையச் சுரக்கும். அது செம்பைத்தான் இறுக்கிப் பிடிச்சுக்கும். நாலஞ்சு நாள்ல குடல் தோல் உரியும்போது செம்பும் கூடவே வெளியே போயிடும். எங்கேருந்து இவ்வளவு துத்தநாகம் உள்ளே போகுதுன்னு கண்டுபிடிங்க. அதை நிறுத்தாம செம்பு குடுத்தா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தின கதைதான். கண்டுபிடிக்க முடியலைன்னா, பதினெட்டாம் தேதி மருந்தை நான் தள்ளிப்போட முடியாது. வேற நோயும் கூட இருந்தா வீணா நாள் கடத்தின மாதிரி ஆயிடும்."

அன்று தேதி பத்து.

"சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா மாமா?"

"உன் அத்தை திட்டுறதைத் தவிர வேற எதுவும் சாப்பிடுறதில்லை."

"சில பேர் தெரியாம நாணயத்தை முழுங்கிடுவாங்களாம்..."

"முப்பத்தஞ்சு வருஷமா ஏலம் போடுறேன். அடுத்தவன் காசைக்கூட முழுங்கினதில்லை. என் காசையா முழுங்கப் போறேன்?"

வீட்டில் அவள் தேடாத இடம் இல்லை. குழாய்த் தண்ணீர், பானைத் தண்ணீர், அத்தை வைத்திருந்த இருமல் மருந்து, அவர் காலுக்குத் தடவும் தைலம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துளி ஆய்வகத்துக்குப் போனது. கொட்டகையில் குடிதண்ணீர் வைக்கும் துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில்தான் அவளுக்குப் பெரிய நம்பிக்கை. அந்த வாளியும் கையை விரித்துவிட்டது. அதே தண்ணீரைக் குடிக்கும் சீட்டுக்காரர், அதாவது பொருளுக்கெல்லாம் எண் எழுதிச் சீட்டுக் கட்டுகிறவர், கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். பதின்மூன்றாம் தேதி மாலை அத்தை கேட்டே விட்டார்.

"சத்துக் குறைவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? என்ன மறைக்கிறீங்க ரெண்டு பேரும்?"

"நான் எதையும் மறைக்கலை அத்தை," என்றாள் அவள். அது பொய். ஆனால் அந்த வீட்டில் பெரிய பொய் அவளுடையது இல்லை.

பதினான்காம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். நாள் முழுக்க அவர் எதைத் தொடுகிறார், எதை வாயில் வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். சீட்டுக்காரர், "கூட்டத்துல நிக்காதேம்மா, மூக்கைச் சொறிஞ்சாக்கூட உன் பேர்ல அடிச்சுடுவார்" என்று எச்சரித்து, பக்கவாட்டில் அடுக்கியிருந்த பீரோக்களுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்.

மரப்பெட்டிமேல் அவரை அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால் தள்ளாடுவது கூட்டத்துக்குத் தெரியாது. குரலோ தகரக் கூரையை அதிர வைத்தது. ஒரு தையல் இயந்திரத்தை அவர் வர்ணித்த வர்ணனையில், ஊசியில் நூல் கோக்கவே தெரியாத அவளுக்கும் அதை வாங்கினால் என்ன என்று தோன்றியது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

திரும்பிக்கொண்டார். கைக்குட்டை முகத்துக்குப் போனது. கூட்டம் மூச்சைப் பிடித்தது.

கூட்டத்துக்கு அவர் முதுகு. ஆனால் அவருக்கு நேர் எதிரே, அன்று காலையில் வந்திறங்கிய பீரோ ஒன்று நின்றிருந்தது. கதவு முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் அவள் பார்த்தாள். மேல்வரிசைப் பல் முழுவதும் அப்படியே கழன்று அவர் உள்ளங்கைக்கு வந்தது. கன்னம் உள்ளே ஒடுங்கி, யாரோ தெரியாத ஒரு கிழவரின் முகம். கைக்குட்டை மடிப்புக்குள்ளிருந்து ஒரு ட்யூப். பற்பசையைப் பிதுக்குவதுபோல் ஒரே அமுக்கு. பல்லின் பள்ளம் நிறைய வெள்ளையாக ஒரு வரி. பல் உள்ளே போனது, தாடை ஒரு முறை இறுகியது, முகம் திரும்பி வந்தது. கொட்டகையே கொண்டாடிய அந்த மூச்சு இதுதான்.

"மூணு தரம்!"

சுத்தியல் விழுந்தபோது அவள் முக்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று அவர் எட்டு முறை மூச்சு வாங்கினார். எண்ணினாள்.

ஏலம் முடிந்து, பின்னால் இருந்த சின்ன அறையில் அவர் எண் கட்டிய ஒரு சாய்வுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வாசலில் நின்றாள். சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை அவள் ஒரு மணி நேரமாக மனத்தில் அடுக்கிக் கலைத்து அடுக்கியிருந்தாள். மாமனாரின் வாயைப் பற்றி மருமகள் எப்படிப் பேசுவது?

"மாமா... உங்க கைக்குட்டைக்குள்ள இருக்கிற ட்யூபை ஒரு தடவை காட்டுங்க."

"எந்த ட்யூபு?"

"கண்ணாடியில பார்த்தேன்."

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். இது எந்தக் கூட்டத்துக்காகவும் நிறுத்திய மூச்சு இல்லை.

"எத்தனாம் நம்பர் கண்ணாடி?"

"நாப்பத்தொண்ணு."

"அதை அங்க நிறுத்தச் சொன்னதே நான்தான்," என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "நல்லா வெளிச்சம் விழும், நல்ல விலைக்குப் போகும்னு."

ட்யூபை எடுத்துக் கொடுத்தார். பொய்ப்பல்லை ஈறோடு ஒட்டவைக்கும் பசை. பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கிலம். அவள் ஜன்னலோரம் போய்ப் படித்தாள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலில் மூன்றாவதாக இருந்தது, துத்தநாகம். அதற்குக் கீழே: ஒரு நாளைக்கு ஒரு முறை, சிறு துளிகள் மட்டும், ஒரு ட்யூப் ஏழெட்டு வாரத்துக்கு வரும்.

"உங்களுக்கு ஒரு ட்யூப் எத்தனை நாளைக்கு வரும் மாமா?"

"வாரத்துக்கு ரெண்டு. பெரிய ஏலம்னா மூணு."

"எத்தனை வருஷமா?"

"பல்லு போய் இருபத்தோரு வருஷம். ஈறு கெட்டு மொத்தமா எடுத்துட்டாங்க. வெளியூர்ல போய் இதைக் கட்டிக்கிட்டு வந்தேன். அப்புறம் எந்தப் பல் டாக்டர் வாசலையும் மிதிக்கலை. யாராவது பார்த்துட்டா? தாடை சுருங்கச் சுருங்கப் பல்லு குதிக்க ஆரம்பிச்சுது. வேகமாப் பேசினா 'டக்டக்'குன்னு தாளம் போடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி மூடின மருந்துக்கடைச் சரக்கு ஒண்ணு ஏலத்துக்கு வந்துச்சு. அதுல நாலு அட்டைப்பெட்டி இந்தப் பசை. பழைய சரக்கு, யாரும் சீண்டலை. நானே எடுத்து உள்ளே பூட்டி வெச்சிக்கிட்டேன். அதுக்கப்புறம் எனக்கென்ன குறைச்சல்? அள்ளி அள்ளிப் பூசினேன்."

"பூசினதெல்லாம் கரைஞ்சு வயித்துக்குள்ள போகும் மாமா."

"ஆஸ்பத்திரியில கேட்டாங்க, பொய்ப்பல் இருக்கான்னு. இல்லைன்னுட்டேன்." அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். "இங்க பாரும்மா. எலும்பு போகட்டும், உசிரு போகட்டும். வெண்கலத்துக்குப் பொய்ப்பல்லுன்னு மட்டும் வெளியே தெரியக்கூடாது. உங்க அத்தைக்கே தெரியாது."

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க." அவள் குரலை உயர்த்திப் பேசி அவர் கேட்டதில்லை, நிமிர்ந்தார். "உங்க எலும்பு கெட்டிருக்காது. அனேகமா இந்த ட்யூப்தான். உங்க உடம்புல இருந்த செம்பை இது வாசல்லயே மறிச்சு வெளியே தள்ளியிருக்கு. இதை நிறுத்திட்டுச் செம்பு ஏத்தினா ரத்தம் தன்னால ஊறும்."

"பதினெட்டாம் தேதி?"

"டாக்டர்தான் சொல்லணும். ஆனா அந்த மருந்து வேண்டியிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அவள் பயந்து ஓர் அடி முன்னால் வைத்தாள். சிரிப்பு. இருபத்தோரு வருடமாக உதடு மூடிச் சிரித்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். மேல்வரிசை நழுவிக் கீழ்வரிசைமேல் 'டக்' என்று விழுந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"உடம்புல செம்பே கிடையாதாம்! என்னைப் போய் முப்பத்தஞ்சு வருஷமா வெண்கலம்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கானுங்க!"

சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, மாமனாரும் மருமகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைக் கண்டு, ஒன்றும் புரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மருத்துவர் ட்யூபைக் கையில் வாங்கிப் படித்தார், அவரை வாயைத் திறக்கச் சொன்னார், நாட்காட்டியில் பதினெட்டின்மேல் ஒரு கோடு இழுத்தார். "ரெண்டு மாசம் பொறுத்துப் பார்ப்போம்," என்றார். "அடுத்த தடவை நர்ஸ் எது கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்க, ஐயா." ஐந்து நாள் செம்பு நரம்பு வழியாக ஏறியது. நீல நிறமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்த அவருக்கு, தண்ணீர் மாதிரி அது சொட்டியதில் கொஞ்சம் ஏமாற்றம்.

அத்தையிடம் சொல்லாமல் தீராது என்றானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, மருமகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"உன்கிட்ட இத்தனை வருஷமா ஒரு விஷயம்..."

"பல்லா?" என்றார் அத்தை.

இருவரும் அத்தையையே பார்த்தார்கள்.

"தினம் காலையில குளியலறை ஜன்னல்ல இருக்கிற டம்ளரை யார் கழுவி வைக்கிறதுன்னு நினைச்சீங்க? தானாவா கழுவிக்குது? இருபத்தோரு வருஷம். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லலை. சரி, ஆம்பளை கௌரவம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." பிறகு மருமகளிடம் திரும்பினார். "மாத்திரை சாப்பிடுறாரான்னு கேட்டீங்க, தைலம் கேட்டீங்க. பல்லைப் பத்தி ஒருத்தராவது கேட்டீங்களா? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த பழத்தைச் சீவ உட்கார்ந்தார். வழக்கம்போல், தாள் தடிமனுக்கு.

ஆறாவது வாரம் அவருடைய ரத்தத்தை அவளே இயந்திரங்களில் வைத்தாள். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. செம்பு எழுந்துவிட்டது, ரத்த அணுக்கள் அவள் வயதுக்காரர்களுக்கு இருப்பதுபோல் நிறைந்திருந்தன. துத்தநாகம் இறங்கி, தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அதுவும் உடம்புக்கு வேண்டியதுதான். அளவோடு இருந்தால் அதைப்போல் உழைப்பாளி இல்லை. அவள் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரத்த மாதிரிகளை வைக்கும் குளிர் அறைக்குள் ஆளில்லாத நேரம் பார்த்துப் போய், இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

கால்கள் மட்டும் ரத்தத்தைப்போல் அவசரப்படவில்லை. பஞ்சு கணுக்காலிலிருந்து மெல்ல இறங்கி விரல்களில் வந்து நின்றுவிட்டது. அது அங்கேயே இருந்தாலும் இருக்கும் என்றார் மருத்துவர். அதற்கு ஒரு கைத்தடி வந்தது. கொட்டகையில் அவரே ஏலம் போட்டு, விலை படியாமல் தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒன்று. அட்டைப்பெட்டிகளில் மிச்சமிருந்த பசையையெல்லாம் அவள் முன்னிலையில் குப்பையில் கொட்டினார்கள்.

புதுப் பல் கட்ட, உள்ளூர் பல் மருத்துவரிடமே போனார்; அதுவும் பட்டப்பகலில், அத்தையோடு. சுருங்கிய தாடைக்கு அளவெடுத்துச் செய்த பல். பசை வேண்டாம், தானாகவே கவ்விக்கொள்ளும் என்றார்கள். சாப்பாட்டு மேசையில் முதல் முறையாக மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவர் ஓர் ஆப்பிளை முழுதாக எடுத்துக் கடித்தார். கடித்த சத்தம் கேட்டு அத்தை, "போதும், தெருவுக்கே கேட்குது" என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு கொட்டகைக்குத் திரும்பும் நாள் வந்தது. காலையில் சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று தனக்குள் முணுமுணுத்தார். பல் அசையவில்லை. ஆனாலும் இருபத்தோரு வருடப் பயம் அவ்வளவு லேசில் போகுமா? வேலைக்குக் கிளம்பி நின்றிருந்த அவளைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு அரை நாள் லீவு போட முடியுமாம்மா?"

"எதுக்கு மாமா?"

"பெட்டி மேல நிக்கும்போது எனக்குக் கூட்டம் தெரியும், என் வாய் தெரியாது. நீ முன்வரிசையில வந்து நில்லு. ஒளிஞ்சு நிக்க வேண்டாம், பீரோவுக்குப் பின்னாடியும் வேண்டாம். பல்லு நகர்ற மாதிரி தெரிஞ்சா லேசா இருமு. நான் பார்த்துக்கிறேன்." கைத்தடியை ஊன்றி வாசல்வரை போனவர் திரும்பினார். "ஆனா கையை மட்டும் தூக்கிடாதே. நாப்பத்தொண்ணாம் நம்பர் பீரோ இன்னும் விலை போகலையாம். உன் தலையில கட்டிடுவேன்."